கணக்கு சரி, காணியைக் காணோம்

'கண்ணும் கண்ணும்' என்று 2008ல் ஒரு படம் வந்தது. அதில் வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுப்பார். ஞாபகமிருக்கிறதா? சிரித்து முடித்தபிறகு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அவர் வாதத்தில் ஓட்டையே கிடையாது. கிணறு வெட்டியதற்குக் காகிதம் இருக்கிறது. காகிதம் பொய் சொல்லாது. ஆனால் போய்ப் பார்த்தால் இடத்தில் கிணறு இல்லை. ஆகவே யாரோ திருடிக்கொண்டு போயிருக்கவேண்டும். முதல் வரியை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் என்றால், கடைசி வரி வரைக்கும் அவரோடு நடந்தே தீரவேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்று பாருங்கள். இதே வழக்கைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு நிலம் இருக்கிறது. வீடும் கட்டியாகிவிட்டது. முருங்கை மரம்கூடக் காய்க்கிறது. காகிதத்தில்தான் காணோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அந்த மேற்குப் புறநகரில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளி. 1974ல் ஒரு விவசாயியிடம் ஒரு கிரவுண்டு வாங்கினார். முறையாகக் கிரயப் பத்திரம், முறையாகப் பதிவு. முப்பது வருஷத்துக்கும் மேலே கழித்து, 2006ல், அந்த விவசாயியின் பேரன்கள் அதே இடத்தை இன்னொருவருக்கு விற்றுவிட்டார்கள். அதுவும் கிரயப் பத்திரம், அதுவும் முறையான பதிவு. வாங்கியவர் ஏமாளி இல்லை. பட்டா பார்த்தார், விவசாயி பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று பார்த்தார், சரியாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்தார், சுத்தமாக இருந்தது. எல்லாக் காகிதமும் ஒன்றோடொன்று பொருந்தியது. அதாவது, கணக்கு டாலி.

டாலி என்றதும் எனக்குக் கல்லூரி ஞாபகம் வருகிறது. நான் பி.காம். எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் டிரயல் பேலன்ஸ் நடத்தும்போது ஒன்று சொல்வார். பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால் கணக்கு நிச்சயமாகத் தப்பு. பொருந்திவிட்டால்? சரியாக இருக்கலாம். அவ்வளவுதான். ராமசாமி கணக்கில் எழுதவேண்டியதை ராமநாதன் கணக்கில் எழுதினால் டாலி ஆகும். ஒரு வியாபாரத்தை எழுதவே மறந்துவிட்டால் இன்னும் அழகாக டாலி ஆகும். இங்கே நூறு கூட, அங்கே நூறு கூட, அதுவும் டாலி. பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்தேன். நம்மூர் நிலப் பதிவேடுகளின் மொத்தச் சரித்திரமும் அந்த ஐந்து மார்க்குக்குள் இருக்கிறது என்று அப்போது தெரியாது.

சரித்திரத்துக்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி 1750ல் பூந்தமல்லியைக் கிழக்கிந்தியக் கும்பெனிக்குக் கொடுத்தார். 1763ல் அதைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமை முழுக்க ஜாகீராகப் போனது. வாங்கியவனுக்கு முதல் கவலை, என்ன வாங்கினோம் என்பது. எத்தனை கிராமம், எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, எவ்வளவு ஏரி, எவ்வளவு வரும்படி? அத்தனையும் கிராமத்துக் கணக்குப்பிள்ளையின் ஓலையில் இருந்தது. அவர் சொல்வதுதான் கணக்கு. சரிபார்க்க வேறு வழி இல்லை. அதனால் 1767ல் தாமஸ் பர்னார்ட் என்ற எஞ்சினீயரை அனுப்பினார்கள். ஏழு வருஷம், 1774 வரை, சுமார் 2000 ஊர்களை அளந்து எழுதினார். தமிழ் ஓலைக் கணக்குகள் ஒரு பக்கம், இங்கிலீஷ் அளவைக் கணக்கு ஒரு பக்கம். ஒரே நிலத்துக்கு இரண்டு சாட்சி. ஒருவர் சொல்வதை இன்னொருவரை வைத்துச் சோதிக்கலாம்.

இந்த இரண்டாவது சாட்சி என்பதுதான் விஷயம். பூந்தமல்லியிலிருந்து தென்கிழக்கே கொஞ்சதூரம் போனால் பரங்கிமலை. அங்கேதான் 1802ல் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோடு அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே மேற்கே பெங்களூர் வரை போனார்கள். முக்கோணத்தின் மூன்று கோணமும் கூட்டினால் 180 வருகிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்க்கலாம். பார்த்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை. 1804ல் பெங்களூர் அருகே தரையில் இன்னொரு கோட்டை நிஜமாகவே சங்கிலி போட்டு அளந்து, காகிதத்துக் கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் 3.7 அங்குலம்! காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டதோடு நில்லாமல், தரையோடும் ஒப்பிட்டார்கள் பாருங்கள், அதுதான் சோதனை.

நம் வருவாய்த் துறையிலும் சோதனை உண்டு. ஜமாபந்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜூலை 1ல் ஆரம்பிக்கிற பசலி ஆண்டு முடிவதற்குள், வருஷா வருஷம் கிராமக் கணக்கை எல்லாம் தாலுகாவுக்குக் கொண்டுவந்து தணிக்கை செய்வார்கள். அ பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பரப்பு இருக்கும். சிட்டாவில் ஒவ்வொரு ஆளுக்கும் என்னென்ன நிலம் என்று இருக்கும். ஒன்றை இப்படிக் கூட்டினாலும் அப்படிக் கூட்டினாலும் ஊரின் மொத்தப் பரப்பு ஒன்றாக வரவேண்டும். அற்புதமான ஏற்பாடு. குறை சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலும் அது டிரயல் பேலன்ஸ்தான். ராமசாமி நிலம் ராமநாதன் பெயரில் இருந்தால் ஜமாபந்தி கண்டுபிடிக்காது. மொத்தம் சரியாக இருக்குமே!

அந்த வேலையைச் செய்தவர் கர்ணம். இந்த உட்பிரிவு தாத்தா பெயரில் இருக்கிறது, ஆனால் உழுவது இரண்டாவது பேரன், நடுவில் ஒரு பங்கு விற்றாகிவிட்டது என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும். பதிவேட்டில் ஏறியிருக்காது. அவரை ரொம்பவும் புகழவேண்டியதில்லை. பரம்பரைப் பதவி. பிடித்தவருக்கு ஒரு மாதிரியும் பிடிக்காதவருக்கு வேறு மாதிரியும் எழுதிய கர்ணங்கள் பற்றிக் கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். ஆனால் நல்லவரோ கெட்டவரோ, காகிதத்துக்கும் தரைக்கும் நடுவே நின்ற ஒரே ஆள் அவர்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள்.

1979 ஜூன் 1. தமிழக அரசு ஒரு பெரிய வேலையை ஆரம்பித்தது. நில உடைமைப் பதிவேடுகளை நாளது தேதிக்குக் கொண்டுவருவது. யு.டி.ஆர். என்று சொல்வார்கள். பழைய பதிவேடுகளில் செத்துப்போனவர்கள் பெயரெல்லாம் பட்டாதாரர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அதைத் துடைத்து, இன்றைக்கு யார் அனுபவிக்கிறார்களோ அவர்கள் பெயரில் பட்டா கொடுப்பது, ஏக்கர்-சென்ட் கணக்கை ஹெக்டேர்-ஏர் கணக்குக்கு மாற்றுவது. 1987 ஏப்ரல் 30 வரை நடந்தது. தேவையான வேலை, சந்தேகமே இல்லை.

நடுவில் 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவியை ஒரே நாளில் ஒழித்தது. 1981ல் அது சட்டமானது. 1982ல் உச்சநீதிமன்றமும் செல்லும் என்றது. அவர்கள் இடத்துக்குத் தேர்வு எழுதி, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நியாயமான சீர்திருத்தம். பரம்பரை பரம்பரையாக ஒரு ஊரின் கணக்கு ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது எந்த விதத்திலும் சரியில்லை. ஆனால் பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிற எட்டு வருஷத்தில், இரண்டாவது வருஷமே, பதிவேட்டில் இல்லாததைத் தெரிந்துவைத்திருந்த ஆளை வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு நல்ல காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

எந்தச் சமயத்தில் நடந்தது என்பதையும் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964ல் வந்துவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அதே அறுபதுகளில் வந்துவிட்டது. ஷிப்டு முடித்து வரும் தொழிலாளிகள் சீட்டுப் போட்டு, நகை விற்று, ஆளுக்கொரு கிரவுண்டாக வாங்கிக்கொண்டிருந்த காலம். நேற்று வரை வயல். இன்றைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட மனை. தஞ்சாவூரில் ஒரு கிராமத்தில் பத்து வருஷத்தில் பத்து நிலம் கைமாறினால், இங்கே ஒரு சர்வே எண்ணுக்குள்ளேயே அத்தனை கைமாறும். பத்திரம் பதிந்தாலே போதும் என்று நினைத்தவர்கள்தான் அதிகம். பட்டா மாற்ற தனியாக மனுப் போடவேண்டும் என்பது தெரியாது. தெரிந்தாலும் லீவு கிடைக்காது.

நம் தொழிலாளி கதையும் அதுதான். யு.டி.ஆர். விசாரணைக்கு ஆட்கள் வந்தபோது காலி மனை. அவர் ஷிப்டில். பழைய பதிவேட்டில் விவசாயி பெயர் இருந்தது. புதிய பதிவேட்டிலும் விவசாயி பெயரே ஏறியது. பழைய தவறு புதுச் சட்டை போட்டுக்கொண்டது.

அளவு மாற்றத்தில் வந்த வேடிக்கை தனி. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் என்பது 40.47 ஏர். அரை ஏருக்கு முழுமைப்படுத்தினால் 40.5. சரி. அதையே அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கு ஐம்பது சென்டாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொருவருக்கும் 20.23 ஏர். முழுமைப்படுத்தினால் 20. இரண்டும் சேர்த்து 40. தாய் எண்ணுக்கு 40.5, பிள்ளைகள் இரண்டும் சேர்ந்தால் 40. நடுவில் அரை ஏரைக் காணோம். அரை ஏர் என்றால் 538 சதுர அடி. ஆவடியில் அந்த இடத்தில் ஒரு சின்னக் குடும்பம் குடியிருக்கும்!

இந்தப் பதிவேடுகள்தான் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டருக்குள் போயின. அ பதிவேட்டைப் பார்த்து வரி வரியாக அடித்தார்கள். இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்தபடி போனில் பட்டா பார்க்கலாம். பெரிய வசதி. ஆனால் ஒன்று. நோட்டில் இருந்தவரை, அடித்தல் திருத்தலைப் பார்த்தால் சந்தேகம் வரும். திரையில் எல்லா எழுத்தும் ஒரே அழகு.

கம்ப்யூட்டர்காரர்கள் இந்தச் சிக்கலை யோசிக்காமல் இல்லை. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அது. அவர் வழியில் பார்த்தால், அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு வாக்கியம். 'இந்த சர்வே எண் இன்னாருடையது' என்பது ஒரு வாக்கியம். வாக்கியம் என்றால் உண்மை, பொய் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றைத் தர்க்கமாக வரவழைக்கலாம். ஒன்று இன்னொன்றோடு முரண்பட்டால் உள்ளேயே விடாமல் தடுக்கலாம். உட்பிரிவுகளின் கூட்டுத்தொகை தாய் எண்ணைத் தாண்டக்கூடாது என்று ஒரு விதி எழுதிவைத்தால், மிஷினே காவல் நிற்கும்.

ஆனால் திருத்தும்போது ஒரு பெரிய கேள்வி வருகிறது. பட்டா என்பது உண்மையில் ஒரு முடிவு. அதற்குப் பின்னால் காரணங்கள் இருக்கவேண்டும். ஒரு கிரயம், ஒரு சாவு, ஒரு பாகப்பிரிவினை, ஒரு கோர்ட் தீர்ப்பு. பெயர் மாறியிருந்தால் இந்த நான்கில் ஒன்றோ, அதைப்போல வேறொன்றோ நடந்திருக்கவேண்டும். காரணத்தைத் தொடாமல் முடிவை மட்டும் அழித்து எழுதினால், பதிவேடு ஒன்று சொல்லும், பத்திரம் ஒன்று சொல்லும். யு.டி.ஆர். தகராறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். பழைய அ பதிவேட்டில் ஒரு பெயர், புதியதில் வேறு பெயர். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இல்லை. நிலம் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். பட்டாவில் யார் பெயர் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்தப் பெயர் எதன் பேரில் வந்தது என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வி 'இல்லை' என்ற சொல்லைப் பற்றியது. ரேமண்ட் ரீட்டர் என்ற கனடாக்காரர் 1978ல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். மூடிய உலகம் என்று தமிழில் சொல்லலாம். அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் அட்டவணை இருக்கிறது. ஒரு நேரத்துக்கு எதிரே ரயில் எழுதவில்லை என்றால் அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது என்று எடுத்துக்கொள்கிறோம். தப்பில்லை. ரயில் விடுகிறவர்தான் அட்டவணையும் எழுதுகிறார். எழுதாமல் ஒரு ரயில் வராது. அந்த உலகம் மூடியது. எழுதப்படாதது எல்லாம் இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

வில்லங்கச் சான்று அப்படியா? நீங்கள் குறிப்பிட்ட எண்ணுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இந்த அலுவலகப் பதிவுகளில் ஒன்றும் தென்படவில்லை என்கிறது அது. 'தென்படவில்லை' என்பதை நாம் 'இல்லை' என்று படிக்கிறோம். உயில் பதியவேண்டும் என்று கட்டாயமில்லை. மூலப்பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கும் அடமானம், பதிவே இல்லாமல் செல்லும் என்பது சென்னைக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே கொடுத்த சலுகை. இதெல்லாம் அந்தப் புத்தகத்துக்கு வெளியே நடக்கிறவை. எண் மாறினாலும் போச்சு. அம்பத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்றிருக்கும். பிறகு அம்பத்தூர் தனி தாலுகா. 1997ல் திருவள்ளூர் மாவட்டம். 2011ல் சென்னை மாநகராட்சி. 2018ல் சென்னை மாவட்டம். நடுவில் நகர அளவை வந்து பழைய சர்வே எண்ணுக்குப் புது எண். நிலம் ஓர் அங்குலம் நகரவில்லை. விலாசம்தான் ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிந்தது எப்படித் தென்படும்?

நம் கதைக்கு வருவோம். 2006ல் வாங்கியவர் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்த்தார் என்றேன் அல்லவா? 2006லிருந்து முப்பதைக் கழியுங்கள். 1976. தொழிலாளி வாங்கியது 1974. இரண்டே வருஷம். சான்றில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

இந்த ஓட்டையை அடைக்க 2022ல் தமிழகப் பதிவு விதிகளில் 55ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். விற்கிறவர் தன் முந்தைய அசல் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பதிவு இல்லை. அதாவது உள்ளே நுழையும்போதே சோதனை. 2025 ஏப்ரல் 7 அன்று உச்சநீதிமன்றம், அந்த விதியின் முக்கியப் பகுதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை. சட்டம் கொடுக்காத அதிகாரத்தை விதி கொடுக்கமுடியாது. தீர்ப்பு சட்டப்படி கச்சிதம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அது சொல்லும் செய்தியைச் சாதாரண ஜனங்கள் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்பது சந்தேகம். பதிவு அலுவலகம் ஒரு நடவடிக்கை நடந்தது என்று எழுதிவைக்கிறது. விற்றவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பது அதன் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அந்தக் கேள்விக்கான பதில் கடைசியில் சிவில் கோர்ட்டில்தான்.

நம் தொழிலாளியும் அங்கேதான் போனார். தர்க்கம் அவர் பக்கம். 1974லேயே விற்றாகிவிட்ட நிலத்தில் விவசாயிக்கு ஒன்றும் மிச்சமில்லை. தாத்தாவிடம் இல்லாதது பேரனுக்கு வராது. பேரனிடம் இல்லாததை அவன் விற்க முடியாது. மூன்று வரி. பத்து நிமிஷத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். இவருக்கு ஒன்பது வருஷம் ஆனது. அதற்குள் ரிட்டயர் ஆனார், மனைவியை இழந்தார், வீட்டின்மேல் கடன் வாங்க முடியாமல் மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினார். எதிர்க்கட்சிக்காரரும் பாவம்தான். அவரும் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர். கோர்ட் வராண்டாவில் இரண்டு பேரும் டீ வாங்கிக் கொடுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்கள் என்று சொன்னார்.

தீர்ப்பு இவருக்குச் சாதகமாக வந்தது. அதை வைத்து, பழைய பதிவேட்டு நகல், 1974 பத்திரம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் ஒன்றரை வருஷம் அலைந்தார். பட்டா மாற உத்தரவு வந்தது. அன்றைக்கு எனக்குப் போன் செய்தார். பேரனைவிட்டுத் திரையில் பார்த்தாராம். சர்வே எண் சரி. உட்பிரிவு சரி. பரப்பு சரி. அவர் பெயர் சரி.

"அப்பா பேர்ல மட்டும் ஒரு காலைக் காணோம் சார்" என்றார்.

ஜமாபந்திக்கு மனு எழுதி வைத்திருக்கிறார்.